ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் போய் வந்தவர்களே, உங்கள் வகுப்பில் ஏதாவது மாறியதா?

தாமிரபரணி
திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். சேர்ந்து ஆறாவது வருடம் நடக்கிறது. முனைவர் பட்டத்தோடு சேர்ந்ததால் நான்கு வருடத்தில் பத்தாம் ஊதிய நிலையிலிருந்து பதினொன்றுக்கு ஏறியிருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி அதற்கு, கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சி முடித்திருக்க வேண்டும். மகள் கைக்குழந்தை என்பதால் இரண்டு முறை கிடைத்த இடத்தையும் விட்டேன். இப்போது மூன்றாவது முறை வந்திருக்கிறது. அடுத்த மாதம், நேரில், விடுதியில் தங்கி.

பதவி உயர்வுக்காகத்தான் போகிறேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு மூன்று வாரம் போகிறேன். வெறும் சான்றிதழோடு திரும்பி வந்தால் மனசு ஆறாது.

என் பிரச்சினை இது. முதல் வருட பி.எஸ்சி. வகுப்பில் 58 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் பன்னிரண்டு முடித்தவர்கள். பாடம் ஆங்கிலத்தில். கேள்வி கேட்டால் முன்வரிசையில் அதே மூன்று பேர் வாய் திறப்பார்கள். மற்றவர்கள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். நியூட்டன் விதிகளை மூன்றையும் பிசகாமல் எழுதுகிறார்கள். மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் அதன் மேல் என்ன விசை என்று இன்டர்னலில் கேட்டேன். வகுப்பில் பெரும்பாலோர் "பூஜ்யம்" என்று எழுதியிருந்தார்கள். நான் நடத்திய பாடம்தான் அது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அந்த நாட்களில் எது உங்கள் வகுப்பை மாற்றியது? நான் எதைத் தயார் செய்துகொண்டு போகலாம்?


காவிரிக்கரை தாவரவியல்
திங்கள், இரவு 10.25

அம்மா, நான் பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் கேட்டதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987இல் யுஜிசி இந்தப் பயிற்சிகளை நடத்தும் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. பின்னால் 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாற்றினார்கள், 2023 முதல் மாளவியா பெயரில் நடக்கிறது. நான் போனது 1993இல். அப்போது ஓரியன்டேஷன் நான்கு வாரம். நான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன், முதல்வர் ஆணை போட்டு அனுப்பினார்.

இருபது நாள் உரைகள் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. ஒரே ஒரு பிற்பகல் மட்டும் அப்படியே இருக்கிறது. மைக்ரோ டீச்சிங் என்று ஒவ்வொருவரையும் ஏழு நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வரலாறு, கணக்கு, தெலுங்கு ஆசிரியர்கள். மூலையில் வீடியோ கேமரா. நான் ஸ்டார்ச் எப்படி இலையில் சேர்கிறது என்று நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினோம் என்ற நினைப்பில் வந்து உட்கார்ந்தேன்.

டி.வி.யில் போட்டுக் காட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒன்றும் விமர்சிக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள், ஒவ்வொன்றுக்கும் யார் பதில் சொன்னார்கள் என்று மட்டும் குறியுங்கள்" என்றார். பதினொரு கேள்வி கேட்டிருந்தேன். பதினொன்றுக்கும் நானே பதில் சொல்லியிருந்தேன். "இது என்ன நிறமி? பச்சையம்" என்று ஒரே மூச்சில். இரண்டுக்கும் இடையில் ஒரு நொடி இருந்தால் அதிகம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எழுபதுகளிலேயே அளந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே மாணவர்களின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று. அவர் பேரை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

திரும்பி வந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கேள்வி கேட்டதும் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிடுவேன். யாராவது பேசும்வரை எடுக்கமாட்டேன். முதல் வாரம் அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. மூன்றாம் வாரம் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஐயா, ராத்திரியில இலை என்ன பண்ணும்?" என்று கேட்டான். இருபத்துச் சொச்சம் வருடம் அந்த சாக்பீஸ் என்னைக் காப்பாற்றியது.

மைக்ரோ டீச்சிங் வைக்கிறார்களா என்று கேளுங்கள். வைக்காவிட்டால், உங்கள் அறைத்தோழியிடம் போனைக் கொடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.


மணல்மேடு பொருளாதாரம்
செவ்வாய், காலை 7.10

ஐயா சொன்னது அருமையான அனுபவம். ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. நான் ஓரியன்டேஷன் ஒன்று, அவரவர் பாடத்தைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷர் இரண்டு முடித்தவன். அதில் ஒரு ரெஃப்ரெஷர் பெயருக்குத்தான் பொருளாதாரம். ஒரு நாளைக்கு நான்கு அமர்வு. மன அழுத்தம், யோகா, இணையப் பாதுகாப்பு, தலைமைப் பண்பு. பொருளாதாரம் என்று இரண்டு நாள் கூட வரவில்லை.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். கல்லூரி ஆசிரியருக்குப் பயிற்சி தேவைப்படுவது பாடத்தில். நான் எம்.ஏ. படித்தபோது இருந்த பொருளாதாரம் இன்று இல்லை. இரண்டாவது ரெஃப்ரெஷரில் ஒருவர் வந்தார். தேசிய மாதிரி ஆய்வின் அலகுநிலைத் தரவைக் கணினியில் இறக்கி, ஒரு குடும்பம் மாதம் எதற்கு எவ்வளவு செலவழித்தது என்று வரிவரியாகக் காட்டினார். நாங்களே தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பங்களைப் பிரித்து எடுத்து, உணவுச் செலவின் பங்கு என்ன என்று கணக்குப் போட்டோம். வருமானம் கூடினால் உணவுச் செலவின் பங்கு குறையும் என்ற எங்கெல் விதியைப் பத்து வருடமாக வாயால் சொன்னவன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதை வகுப்பில் வைத்தேன்.

பாடத்தில் ஆழமில்லாதவருக்கு வண்ண அட்டையும் குழு விவாதமும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? தாமிரபரணி மேடத்துக்கு நான் சொல்வது: ஓரியன்டேஷனைக் கடமைக்கு முடியுங்கள், உங்கள் உழைப்பை இயற்பியல் ரெஃப்ரெஷருக்கு வையுங்கள்.


கோவை கட்டுமானம்
செவ்வாய், மாலை 4.50

பொறியியல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வழியாக எட்டு மாட்யூல் பயிற்சி ஸ்வயம் தளத்தில். அப்புறம் அடல் அகாடமியின் ஒருவாரப் பயிற்சிகள். 2014இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினர் ஆனதிலிருந்து எல்லாப் பயிற்சியும் விளைவு சார்ந்த கல்வியைச் சுற்றித்தான். சி.ஓ., பி.ஓ. மேப்பிங், அதாவது ஒரு பாடத்தின் விளைவுகளை முழுப் படிப்பின் விளைவுகளோடு பொருத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டங்களை நிரப்புவது. இரவு பதினொன்று வரை எக்செல் நிரப்பியிருக்கிறேன், அதனால் ஒரு மாணவனுக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆனால் ஒரு அரைநாள் மட்டும் வேறு மாதிரி. உங்கள் போன செமஸ்டர் கேள்வித்தாளைக் கொண்டு வாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என் தாளில் பத்துக்கு எட்டு கேள்வி "என்றால் என்ன", "விவரி". பக்கத்தில் இருந்தவரோடு மாற்றி, ஒருவர் கேள்வியை இன்னொருவர் திருத்த வேண்டும்.

என்னுடையது: "நீர்–சிமெண்ட் விகிதம் என்றால் என்ன?"

அவர் எழுதியது: "கலவை இறுகுகிறது என்று மேஸ்திரி ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டார். அந்தக் கான்கிரீட்டின் 28ஆம் நாள் வலிமை என்ன ஆகும், ஏன்? தண்ணீர் சேர்க்காமல் கலவையை இளக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?"

அவர் கணினித் துறைக்காரர். கான்கிரீட் பற்றித் தெரியாததால், "இதைத் தெரிந்துகொண்டு உங்கள் மாணவன் எங்கே பயன்படுத்துவான்?" என்று என்னையே குடைந்து குடைந்து கேட்டார். நான் சொன்னதை வைத்து எழுதினார். எங்கள் ஊரில் வீடு கட்டுகிற இடத்தில் தினமும் நடப்பது அது. மேஸ்திரி மகன் ஒருவனே என் வகுப்பில் இருந்தான். அடுத்த தேர்வில் அந்தக் கேள்வியை வைத்தேன். மற்றதையெல்லாம் சுமாராக எழுதிய அவன், அதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான்.

மணல்மேடு சார், பாடத்தில் ஆழம் வேண்டும் என்பது சரி. ஆனால் எனக்கு அந்த ஆழம் இருந்தது. கேள்வியாக அதை வெளியே கொண்டுவரத்தான் தெரியவில்லை.


நெல்லிக்கனி
செவ்வாய், மாலை 6.05

தாமிரபரணி, கற்பித்தல் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் பிள்ளையை விட்டுப் போனவள் என்ற முறையில் சொல்கிறேன். முதல் சனி, ஞாயிறு கண்டிப்பாக ஊருக்கு வந்து போங்கள். வாரக் கடைசியில் வருகைப்பதிவு உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீடியோ அழைப்பில் பிள்ளை அழுதால் அன்று இரவு நமக்குத் தூக்கம் வராது, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். எங்கள் பிரிவில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.


பதினோராவது மாதம்
செவ்வாய், இரவு 11.15

நான் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், நிரந்தரப் பணி இல்லை. தமிழ்த்துறை. ஒன்பது வருடம்.

நீங்கள் எல்லோரும் போன பயிற்சிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குப் போகவே வழியில்லை. ஓ.டி., அதாவது பணி நாளாகவே கணக்கிடும் அனுமதி, கிடையாது. போகிற நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள். போய் வந்தாலும் பதவி உயர்வு என்ற ஒன்று எங்களுக்கு இல்லை. அதனால் துறைக்குப் பயிற்சி அறிவிப்பு வந்தால் எங்களிடம் காட்டக்கூட மாட்டார்கள். எங்கள் துறையில் ஒன்பது பேரில் ஆறு பேர் என்னைப் போன்றவர்கள். முதல் வருட வகுப்புகள் பெரும்பாலும் எங்கள் கையில்தான்.

2020 ஊரடங்கில் மட்டும் எனக்கு வாய்த்தது. யூடியூபில் ஐந்து நாள், ஏழு நாள் என்று வந்ததெல்லாம் பார்த்தேன். கூகுள் படிவம் நிரப்பினால் மின்சான்றிதழ். நாற்பதுக்கு மேல் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலும் என்னை யாரும் பாடம் நடத்தச் சொல்லவில்லை, என் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்கவும் இல்லை.

காவிரிக்கரை ஐயா எழுதிய சாக்பீஸ் கதையை இன்று மதியம் படித்தேன். மூன்றாம் மணி நேரம் குறுந்தொகை. "இந்தப் பாட்டில் தலைவி யாரிடம் பேசுகிறாள்?" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினான்கு வரை. ஒரு மாணவி, "தோழிகிட்ட மாதிரி இருக்கு, ஆனா அவனுக்குக் கேக்கணும்னே சொல்றா" என்றாள். சிறைப்புறமாகச் சொல்வது என்று நான் சொல்ல வேண்டிய இலக்கணத்தை அவள் தன் வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

ஐயா, 1993இல் உங்களுக்குக் கிடைத்தது இன்று எனக்கும் கிடைத்தது. நன்றி.


காவிரிக்கரை தாவரவியல்
புதன், காலை 5.50

தம்பி, கண் கலங்கிவிட்டது. வேறென்ன சொல்ல.


கருத்தாளர்
புதன், இரவு 8.30

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். கல்வியியல் துறை. பல வருடமாக இந்தப் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போய் வருகிறேன். உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் தாமிரபரணிக்கு உதவும்.

ஒருங்கிணைப்பாளர் அழைப்பார். ஒன்றரை மணி நேரம், தலைப்பு இது. எனக்கு முன்னால் யார் என்ன பேசினார், பின்னால் யார் வருகிறார் என்று எனக்குத் தெரியாது. எதிரே நாற்பது பேர், இருபது வகைப் பாடம். பேசிவிட்டு, மதிப்பூதியப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் கல்லூரிக்குத் திரும்பியபின் என்ன ஆனது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கல்லூரிக்கு வேண்டியது எண்ணிக்கை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது ஆறாவது அளவுகோலில் எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி முடித்தார்கள் என்று காட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெகுகாலம் ஒரு முக்கோணப் படத்தைக் காட்டி வந்தேன். உரையைக் கேட்டால் 5 சதவீதம் நினைவில் நிற்கும், படித்தால் 10, பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் 90 என்று. எட்கர் டேலின் கூம்பு என்று பேர் வேறு போட்டிருப்பேன். ஒரு நாள் இளம் ஆசிரியை ஒருவர், "சார், இந்த எண்கள் எல்லாம் எப்படி இவ்வளவு உருண்டையாக வருகின்றன? யார் அளந்தார்கள்?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். 1946இல் டேல் போட்ட கூம்பில் சதவீதமே கிடையாது. பிற்பாடு யாரோ ஒட்டியது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்ப நடத்தும் கதையும் இப்படித்தான். 2008இல் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஆசிரியர்களிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால், உங்கள் நோட்டிலிருந்து அதை அடித்துவிடுங்கள்.

மணல்மேடு ஐயாவுக்கு: கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. பெரிய இயற்பியல் வகுப்பு, இரண்டு பிரிவு. ஒன்றில் அனுபவமும் நல்ல பெயரும் உள்ள பேராசிரியர் வழக்கம்போல உரையாற்றினார். மற்றதில் பெரிய வகுப்பு எடுத்துப் பழக்கமில்லாத ஆய்வாளர்கள். ஆனால் கேள்வி வைத்து, விவாதிக்கவிட்டு, உடனுக்குடன் திருத்தி நடத்தப் பயிற்சி பெற்றவர்கள். நோபல் பெற்ற கார்ல் வீமனின் குழு. ஒரு வாரப் பாடத்துக்குப் பின் அதே தேர்வு. உரை கேட்ட பிரிவின் சராசரி 41 சதவீதம், மற்றது 74. பாடத்தில் ஆழம் குறைந்தவர்கள் இல்லை இரண்டு பக்கமும். பயிற்சிதான் வேறு.


மணல்மேடு பொருளாதாரம்
புதன், இரவு 9.55

நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு மதிப்பளிக்கிறேன். ஆனால் அது ஒரு வாரம், ஒரு தேர்வு. அங்கே ஒவ்வொரு மாணவர் கையிலும் பொத்தான் அழுத்தும் கருவி. இங்கே என் வகுப்பில் 70 பேர், மின்விசிறி இரண்டு, செமஸ்டருக்கு ஐந்து அலகு. விவாதம் வைத்தால் மூன்று அலகோடு நிற்கும். கேள்வித்தாள் பல்கலைக்கழகத்தில் இருந்து வருகிறது, ஐந்திலும் கேட்பார்கள். மாணவன் தோற்றால் பொறுப்பு யார்?


கோவை கட்டுமானம்
புதன், இரவு 10.20

இந்தக் கேள்வி நியாயம். தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பதால் தாள் என் கையில். இணைவுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு அது இல்லை என்பதை மறந்துவிட்டேன்.


வல்லிபுரக்கரை
வியாழன், பிற்பகல் 1.40

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். புவியியல் விரிவுரையாளர். எங்கள் பக்க நிலைமையையும் சொன்னால் உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இலங்கையில் பல்கலைக்கழகங்களில் பணியாளர் விருத்தி நிலையங்கள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தினது 1997இல் தொடங்கியது. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேருகிறவர், பதவி உறுதியாக வேண்டுமென்றால் கற்பித்தல் பயிற்சியை முடிக்கத்தான் வேண்டும். ஆகவே எங்களுக்கும் கட்டாயம்தான். நானும் முதலில் முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

வித்தியாசம் என்னவென்றால், எங்களை மூன்று கிழமை ஓரிடத்தில் அடைத்து வைக்கவில்லை. மாதக்கணக்கில் நீண்டது. ஒரு நாள் போய்க் கற்றுக்கொண்டு, அடுத்த கிழமை என்னுடைய விரிவுரையில் அதைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அதெல்லாம் சேர்த்து ஒரு கோப்பு. கடைசியில் ஒருவர் வந்து பின்வாங்கில் இருந்து என் விரிவுரையைப் பார்ப்பார்.

என்னைப் பார்க்க வந்தவர் மருத்துவபீடத்து மூத்த ஆசிரியை. முடிந்ததும் தேநீர் குடித்துக்கொண்டு கதைத்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் படிப்பிக்கும்போது சிங்களப் பிள்ளைகள் நான்கு பேர் இடது பக்கம் ஒன்றாக இருந்தார்கள். நீங்கள் விளங்காத இடத்தைத் தமிழில் விளக்கினீர்கள். அப்போது அவர்களின் முகத்தைப் பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் தமிழில் சொன்னேன். அதன்பிறகு, தமிழில் விளக்கினால் அதன் சாரத்தை ஆங்கிலத்தில் இரண்டு வரி பலகையில் எழுதிப்போடுகிறேன். வரைபடத்தையே அவர்களைக் கொண்டு விளக்கச் சொல்கிறேன். எந்த வளவாளரின் விரிவுரையிலும் இது எனக்குத் தெரிந்திராது. ஒருவர் என் வகுப்பில் வந்து இருந்ததால்தான் தெரிந்தது.

தாமிரபரணி அக்கா, 21 நாளில் ஒருவரோடாவது நட்புப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போனபிறகு ஆளுக்காள் வகுப்பைப் பார்க்கிற மாதிரி.


மழைநகரம்
வியாழன், இரவு 7.30

இங்கிலாந்தில் புள்ளியியல் எடுக்கிறேன். இங்கே புதிதாகச் சேர்பவர்களைப் பெரும்பாலும் கற்பித்தல் சான்றிதழ் படிப்பு முடிக்கச் சொல்வார்கள், அப்படியே அட்வான்ஸ் எச்.இ. அமைப்பின் ஃபெலோ தகுதியும் வாங்கிக்கொள்வோம். வருடத்துக்கு ஒருமுறை சக ஆசிரியர் வகுப்பைப் பார்ப்பது என் துறையில் வழக்கம். படிவம் நிரப்பி முடித்துக்கொள்பவர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் வல்லிபுரக்கரை சொன்னதுதான் என் அனுபவமும். பார்க்க வருபவர் பதவி உயர்வைத் தீர்மானிப்பவராக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அன்று ஒரு நாள் மட்டும் அலங்காரப் பாடம் நடக்கும்.


தாமிரபரணி
வெள்ளி, இரவு 10.10

ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். போன இன்டர்னல் தாள், மாணவர்களின் பதில்தாள் பத்து, ஐந்து வண்ணத்தில் அட்டை. இதெல்லாம் பெட்டியில் வைத்துவிட்டேன். நெல்லிக்கனி அக்கா, வருகைப்பதிவு பற்றிக் கேட்டு மின்னஞ்சல் போட்டாயிற்று. போய் வந்து எழுதுகிறேன்.


தாமிரபரணி
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.20

வந்துவிட்டேன். வந்த உடனே எழுதாமல், வகுப்பில் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பயிற்சி எப்படி என்றால், பெரும்பகுதி மணல்மேடு சார் சொன்ன மாதிரிதான். ஒரே நாளில் நான்கு உரை கேட்டுவிட்டு இரவு மகளோடு பேசும்போது எனக்கு நாக்கே எழவில்லை. மைக்ரோ டீச்சிங் கால அட்டவணையில் இருந்தது, நேரமில்லை என்று எடுத்துவிட்டார்கள். அதனால் ஐயா சொன்னபடி, விடுதியில் நாங்கள் ஆறு பேர் இரவு உணவுக்குப் பின் தினம் ஒருவர் என்று நடத்தினோம். விலங்கியல், வணிகவியல், ஆங்கிலம், இரண்டு கணக்கு, நான். உணவுக்கூடத்துச் சுவர்தான் பலகை, செய்தித்தாளின் பின்னால் மார்க்கரால் எழுதி ஒட்டுவோம். போனில் படம் பிடிப்போம். நான் பாதி நேரம் அந்தச் சுவரைப் பார்த்தே பேசுகிறேன் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

நல்ல அமர்வு ஒன்று இருந்தது. எரிக் மசூர் ஹார்வர்டில் 1991 முதல் செய்துவருகிற சக மாணவர் கற்பித்தல். கருத்தைச் சோதிக்கும் ஒரே கேள்வி, நான்கு விடை. முதலில் தனியாக ஓட்டு. சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மறுபடியும் ஓட்டு. அதற்குக் குறைவாக இருந்தால் நாம் திரும்ப விளக்க வேண்டும். கருவி வேண்டாம், வண்ண அட்டை போதும்.

போன மாதம் என் வகுப்பில் அந்தப் பந்துக் கேள்வியை வைத்தேன். உச்சியில் பந்தின் மேல் விசை: பச்சை என்றால் பூஜ்யம், மஞ்சள் என்றால் மேல்நோக்கி, சிவப்பு என்றால் கீழ்நோக்கி, நீலம் என்றால் சொல்ல முடியாது. 58 அட்டை எழுந்தது. பச்சைதான் நிறைய. சிவப்பு மூன்றில் ஒரு பங்கு இருக்கும். "பக்கத்தில் வேறு நிறம் வைத்திருப்பவரைத் தேடிப் பேசுங்கள், தமிழில் பேசலாம்" என்றேன். சாக்பீஸை மேசையில் வைத்தேன்.

இரண்டு நிமிடம் வகுப்பு சந்தைக்கடை. நான் நடுவில் நடந்துகொண்டே காது கொடுத்தேன். நான்காம் பெஞ்சில், இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத பெண், பக்கத்துப் பெண்ணிடம் சொல்கிறாள்: "மேல போய் நின்னப்போ விசையே இல்லைன்னா, அது ஏன்டி கீழ வருது? அங்கயே நிக்கணும்ல?"

நான் கரும்பலகையில் மூன்று விதியும் எழுதி ஒரு மணி நேரம் நடத்தியும் புரியவைக்க முடியாததை அவள் ஒரே கேள்வியில் புரியவைத்துவிட்டாள். இரண்டாம் ஓட்டில் வகுப்பு முழுக்கச் சிவப்பு, ஏழெட்டுப் பச்சை தவிர. அந்த ஏழெட்டுப் பேரை அப்புறம் தனியாகப் பார்த்தேன்.

எல்லாம் நல்லபடி நடந்ததாகச் சொல்லமாட்டேன். அடுத்த வாரமே இரண்டு மாணவர்கள் துறைத்தலைவரிடம் போய், மேடம் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டுக் கேட்டார். மனசு உடைந்துதான் போனது. கருத்தாளர் ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். ஹார்வர்டில் 2019இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். இப்படி நடத்திய வகுப்பில் மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். ஓடுகிற உரையைக் கேட்பது சுகம், தானே யோசிப்பது சிரமம், அந்தச் சிரமத்தை அவர்கள் கற்காததாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று. அதைத் துறைத்தலைவரிடமும் சொன்னேன், மாணவர்களிடமும் சொன்னேன். "சரி, இந்த செமஸ்டர் பாருங்க" என்றார் அவர்.

மணல்மேடு சார் கேட்ட ஐந்து அலகு கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வாரத்துக்கு ஒரு கேள்வி, பத்து நிமிடம் என்று மட்டும் வைத்திருக்கிறேன். நான்காம் அலகு முடிந்துவிட்டது, ஐந்தாவதும் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பதினோராவது மாதம் அண்ணா, உங்களுக்கு ஒன்று. விடுதி நண்பர்கள் ஆறு பேரும் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இணையத்தில் கூடுகிறோம். ஒருவர் தன் வகுப்பில் எடுத்த ஏழு நிமிட வீடியோவைப் போடுவார், மற்றவர்கள் பார்த்துச் சொல்வோம். சான்றிதழ் கிடையாது, ஓ.டி.யும் தேவையில்லை. அடுத்த முறை உங்கள் குறுந்தொகை வகுப்பைப் போடுகிறீர்களா? மாணவர்கள் முகம் வராமல், உங்கள் பக்கம் மட்டும் எடுத்தால் போதும்.


பதினோராவது மாதம்
ஞாயிறு, இரவு 8.45

கண்டிப்பாக. போனைப் பிடித்துக்கொள்ள பக்கத்துத் துறை நண்பரைக் கேட்டுவிட்டேன். அவரும் கௌரவம்தான். அவரும் சேரலாமா?


தாமிரபரணி
ஞாயிறு, இரவு 8.52

இதைக் கேட்கவே வேண்டாம். அழைத்து வாருங்கள்.


மணல்மேடு பொருளாதாரம்
திங்கள், காலை 6.40

மேடம், அந்த நான்காம் பெஞ்சுப் பெண்ணைப் பற்றி எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாரத்துக்குப் பத்து நிமிடம் என்றால் நானும் பார்க்கலாம். நேற்று இரவு ஒரு கேள்வி எழுதினேன். கோவை சார் மாதிரி யாராவது குடைந்து பாருங்கள், சரியாக வந்திருக்கிறதா என்று.

"ஆடி மாதம் சந்தையில் மல்லிகை மலிவாகக் கிடந்தது. ஆவணியில் முகூர்த்தம் தொடங்கியதும் விலை பல மடங்கு ஏறியது. விற்ற பூவின் அளவும் கூடியிருக்கிறது. விலை ஏறினால் தேவை குறையும் என்று படித்தோமே. இங்கே என்ன நடந்தது?

பச்சை: தேவை விதி பூவுக்குப் பொருந்தாது. மஞ்சள்: தேவைக்கோட்டின் மேலேயே நகர்ந்திருக்கிறோம். சிவப்பு: தேவைக்கோடே வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. நீலம்: அளிப்புக்கோடு வலப்பக்கம் நகர்ந்துவிட்டது."

மஞ்சள் நிறைய எழும் என்று நினைக்கிறேன். நாளை இரண்டாம் மணி நேரம் வைக்கிறேன்.